சோதிக்காமல் போட்ட கையெழுத்து

காபிக் கடைக்குள் மொக்ரான் காலை வைத்ததுமே டொமினோ ஆடிக்கொண்டிருந்த நால்வரும் தலையைத் தூக்கினார்கள். சுவரோரம் இருந்தவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டார்.

"ஹாஜியாரே, இப்படி வாங்க. இங்க உட்காருங்க."

நான்கு மாதமாக இந்த மரியாதை. அதற்கு முன் இருபத்தாறு வருடம் இதே கடையில் நின்றபடியே காபி குடித்துவிட்டு வேலைக்கு ஓடியவர்தான் அவர். மாகாண அலுவலகத்தில், அரசுக்கு வாங்கும் சாமான்களைச் சரிபார்க்கும் இன்ஜினியர். ஜூன் மாதம் மனைவி வர்தியாவோடு மக்கா போய்த் திரும்பியதிலிருந்து அவருடைய பெயரே ஊருக்கு மறந்துபோயிருந்தது. 'ஹாஜியார்' என்று யாராவது கூப்பிடும்போதெல்லாம் செருப்புக்குள் சிக்கிய கல்லைப் போல அந்தச் சொல் அவரை உறுத்தியது.

"கிடங்குக்காரன் அக்லியை நேத்து மறுபடியும் நீதிபதி முன்னாடி நிறுத்தினாங்களாமே?" என்றார் கடைக்காரர், காபியை வைத்தபடி.

"ஆமா. லஞ்சம், கூட்டுச்சதி, அரசாங்கப் பொருள் திருட்டு. எல்லாத்தையும் அவன் தலையிலயே கட்டிட்டாங்க. நல்ல தீயணைப்புக் குழாயை வித்துட்டு ஓட்டைக் குழாயைக் கிடங்குல வச்சுட்டானாம்."

"யாரு, அக்லியா? வித்திருந்தா முதல்ல அவன் வீட்டுக் கூரையில ரெண்டு ஓட்டையாவது அடைச்சிருப்பானேய்யா! மழை பெஞ்சா அவன் வீட்டுல பாத்திரம் பத்தாம பக்கத்து வீட்டுல கடன் வாங்குறான்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் சீக்கிரமே அடங்கிவிட்டது. கடையின் சன்னல் வழியே எதிர்மலை கருகிக் கிடந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆகஸ்ட் தீயில் அந்தச் சரிவில் ஓர் ஆலிவ் மரம்கூட மிஞ்சவில்லை.

"நீங்க சொல்லுங்க ஹாஜியாரே. அந்த ஆபீஸ்லதான் இருக்கீங்க. நீங்க சொன்னா அதுல மறுபேச்சு இல்ல."

கொதிக்கும் காபி மொக்ரானின் நாக்கைச் சுட்டது. "கோர்ட்டு பார்த்துக்கும்," என்று முணுமுணுத்துவிட்டு, பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு வெளியேறினார்.

கோர்ட்டு எதைப் பார்க்கும்? பார்க்க வேண்டியதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தானே.

போன குளிர்காலத்தில் மலை நிலையங்களுக்காக இருநூறு தீயணைப்புக் குழாய்களும் பன்னிரண்டு பம்புகளும் வாங்க அரசு ஒப்பந்தம் கோரியது. நான்கு கம்பெனிகள் வந்தன. இயக்குநர் பூஅலாம் மொக்ரானைத் தன் அறைக்கு அழைத்தார். அங்கே ஹம்லாவி என்ற வியாபாரி ஏற்கெனவே உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தான். 'இதே மாகாணத்தில் முன்பு சாமான் கொடுத்த அனுபவம் வேண்டும்' என்று ஒரே ஒரு வரியை நிபந்தனையில் சேர்க்கச் சொன்னார் இயக்குநர். அந்த வரியைச் சேர்த்தால் மற்ற மூன்று கம்பெனிகளும் தாமாக உதிர்ந்துவிடும். மூன்று பேருக்கும் அது தெரியும். மொக்ரான் அந்த வரியை எழுதினார்.

அவருக்குக் கவரில் பணம் எதுவும் வரவில்லை. அப்படி வந்திருந்தால் அவர் நிச்சயம் திருப்பிக் கொடுத்திருப்பார். ஹம்லாவி மனிதர்களை எடைபோடத் தெரிந்தவன்.

"அண்ணே, உங்க வீட்டம்மா ஒன்பது வருஷமா ஹஜ் குலுக்கலுக்குப் பேர் கொடுத்துக் காத்திருக்காங்களாம். ஒரு தடவைகூட விழலையாம். கேட்டப்ப என் மனசே ஆறல. பயண ஏஜென்சியில எனக்கு ஆள் இருக்கு. ரெண்டு இடம் ஒதுக்கிட்டேன். இது லஞ்சம்னு நினைச்சுடாதீங்க. அல்லாஹ்வோட வீட்டுக்கு வர்ற அழைப்பை வேண்டாம்னு சொல்ல நாம யாரு?"

மொக்ரான் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவன் எழுந்துபோனான்.

குழாய்கள் ஏப்ரலில் வந்தன. ஒவ்வொரு குழாயிலும் தண்ணீரை முழு அழுத்தத்தில் ஏற்றிப் பார்த்த பிறகே ஏற்புச் சான்றில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. கிடங்குக்காரன் அக்லி பம்பைத் தயாராக வைத்துக் காத்திருந்தான். மொக்ரான் ஒரு சுருளின் மேல் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. அதில் இருந்த வருடம் பதின்மூன்று வருடப் பழையது. சீட்டை மறுபடி அழுத்தி ஒட்டினார்.

"தண்ணி விடலாமா சார்?" என்று கேட்டான் அக்லி.

"வேண்டாம். காகிதம் எல்லாம் சரியா இருக்கு. நீ கிடங்குப் பதிவேட்டுல வரவு வச்சுக்கோ."

அக்லி நம்பி வரவு வைத்தான். இன்ஜினியர் பார்த்துவிட்டார் என்றால் கிடங்குக்காரன் மறுபடி பார்ப்பானா?

அலுவலக ஒதுக்கீட்டில் இடம் கிடைத்ததாக வர்தியாவிடம் சொன்னார். அவள் முழங்காலில் விழுந்து அழுதாள். ஜூனில், ஹஜ்ஜின்போது அரஃபாத் மைதானத்தில் லட்சோப லட்சம் பேர் கையேந்தி நின்ற வெயிலில் மொக்ரானால் கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் வர்தியா, "யா அல்லாஹ், இந்த நல்ல மனுஷனை எனக்குக் கொடுத்தியே" என்று வாய்விட்டு அழுதாள். அவர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

ஆகஸ்டில் மலை பற்றிக்கொண்டது. மெஸியான் என்ற தீயணைப்பு வீரன் ஒரு வீட்டுக்கும் தீக்கும் நடுவில் குழாயைப் பிடித்து நின்றான். பம்பை முடுக்கிய அடுத்த கணம் குழாய் வெடித்தது. இன்னொன்றை மாட்டினார்கள். அதுவும் வெடித்தது. வீட்டுக்குள் இருந்த மூவரை அவன் வெறுங்கையால் கதவை உடைத்து வெளியே இழுத்தான். உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் அவனுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை வெந்துபோயின.

விசாரணை வந்தது. குழாய்கள் வந்தபோது நன்றாகத்தான் இருந்தன, ஏற்புச் சான்று இருக்கிறது, அப்படியானால் கிடங்கில்தான் மாற்றியிருக்க வேண்டும் என்றார் பூஅலாம். அக்லியைக் கைது செய்தார்கள்.

காபிக் கடையில் அந்தப் பேச்சு நடந்த அதே வியாழக்கிழமை மதியம் பூஅலாம் மொக்ரானின் மேசைக்கே வந்தார்.

"வெள்ளி, சனி லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை உன்னை நீதிபதி கூப்பிட்டிருக்காரு. சாட்சியா மட்டும்தான். பதறாதே. 'சோதிச்சேன், நல்லா இருந்துச்சு' இந்த ரெண்டே வார்த்தை. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே."

"அக்லிக்கு மூணு பிள்ளைங்க சார்."

"உனக்கு மட்டும் பெஞ்சாதி இல்லையா? பாரு மொக்ரான், நாம மூணு பேரும் ஒரே கயித்துல தொங்குறோம். நீ அறுத்தா முதல்ல விழப்போறது நீதான்." பூஅலாம் புன்னகைத்தார். "அதுவுமில்லாம, ஹாஜி சொன்னா யாரு சந்தேகப்படுவா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்தவருக்கு வர்தியா கோதுமைக் கஸ்கஸ் பரிமாறிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. அக்லியின் மனைவி நுவாரா நின்றாள். பழிபோடத்தான் வந்திருக்கிறாள் என்று மொக்ரான் நினைத்தார். அவளோ வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டு பேசினாள்.

"ஹாஜியார் அண்ணே, நான் பணங்காசு கேட்டு வரல. நீங்க கஃபாவைக் கண்ணால பார்த்துட்டு வந்தவங்க. நீங்க கையேந்திக் கேக்குற துஆ வீண்போகாது. என் வீட்டுக்காரருக்காக ஒரு துஆ செய்யுங்க. அவர் உப்புக்கல்லுகூட அடுத்தவங்களுதை எடுக்கமாட்டாரு. சிறையில கூட உங்களைப் பத்தித்தான் சொல்றாராம். 'இன்ஜினியர் சார் நேர்மையானவர், அவர் வந்து உண்மையைச் சொல்லிடுவாரு'ன்னு."

வர்தியா அவளை அணைத்துக்கொண்டாள். "உள்ள வா நுவாரா, ஒரு வாய் சாப்பிடு. நாங்க ரெண்டு பேரும் துஆ செய்யறோம். இப்பவே செய்வோம். வாங்க, நீங்களும் கையேந்துங்க," என்று கணவனை அழைத்தாள்.

இரண்டு பெண்களும் கையேந்தி நின்றார்கள். மொக்ரான் கையை மார்புவரை கொண்டுவந்தார். அதற்கு மேல் அது எழவில்லை. உள்ளங்கை தெரியும்படி யாரோ பிடித்துக்கொண்டு குற்றம் சாட்டுவது போல இருந்தது. முகத்தை மூடிக்கொண்டு எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். ஹாஜியார் அழுகிறார், எவ்வளவு இளகிய மனசு என்று நுவாரா நினைத்துக்கொண்டு போனாள்.

அவள் போனதும் வர்தியா முற்றத்துக்கு வந்தாள். "என்ன ஆச்சு உங்களுக்கு? ஜூன்லேர்ந்து நீங்க சரியாவே இல்ல."

"வர்தியா, நம்ம ஹஜ் அலுவலக ஒதுக்கீடு இல்ல."

சொல்லி முடித்தார். சீட்டைச் சுரண்டியது வரை, திரும்ப ஒட்டியது வரை. ஒன்றையும் மறைக்கவில்லை. வர்தியாவின் குரல் எழும்பியபோது அது அவளுடைய குரலாகவே இல்லை.

"ஒன்பது வருஷம் காத்திருந்தேன். இன்னும் ஒன்பது வருஷம் காத்திருந்திருப்பேன். போகாமலே செத்திருந்தாலும் போகணும்னு நான் மனசுல வச்ச நிய்யத்தை அல்லாஹ் ஏத்துக்கிட்டிருப்பான். அந்தப் பிள்ளையோட கையை எரிச்சு, இந்தப் பொம்பளையோட புருஷனை உள்ள தள்ளி, என்னை அங்க கூட்டிட்டுப் போனீங்களா? அல்லாஹ்வோட வாசல்லயே திருட்டுப் பொருளோட என்னை நிறுத்தினீங்களா?"

"உனக்காகத்தான்…"

"எனக்காகன்னு சொல்லாதீங்க!" அவள் கத்தினாள். "என் பேரைச் சொல்லி நீங்க உங்க பயத்தை வித்துருக்கீங்க. இயக்குநர்கிட்ட முடியாதுன்னு சொல்ல வாய் வரல. அதுக்கு என் ஆசை ஒரு சாக்கு."

அது அப்பட்டமான உண்மை.

ஞாயிற்றுக்கிழமை காலை நீதிபதியின் முன் உட்கார்ந்தார். "குழாய்களைச் சோதித்தீர்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"இல்லை ஐயா. ஒன்றைக்கூடச் சோதிக்கவில்லை. பழையவை என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அக்லி பம்போடு நின்றான். நான்தான் வேண்டாம் என்றேன்."

எழுத்தரின் விரல்கள் தட்டுவதை நிறுத்தின. "நீங்கள் சாட்சியாகத்தான் வந்திருக்கிறீர்கள். இதைச் சொன்னால் குற்றவாளியாகத்தான் திரும்புவீர்கள், தெரியுமா?" என்றார் நீதிபதி.

"ஏப்ரலிலிருந்தே குற்றவாளிதான் ஐயா. இப்போதுதான் சொல்கிறேன்."

அந்த வாரமே அக்லி வெளியே வந்தான். ஹம்லாவியையும் பூஅலாமையும் பிடித்தார்கள். வழக்கு வசந்தகாலத்தில் முடிந்தது. சாட்சி சொல்ல வந்த மெஸியான், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கைகளை நீதிபதி பார்க்கத் தூக்கிக் காட்டினான். பிறகு மொக்ரானைப் பார்த்தான். அவன் பார்வையில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது.

"சார், நாங்க குழாயைச் சோதிச்சுப் பார்த்து மாட்டுறதில்ல. நெருப்பு அவ்வளவு நேரம் தராது. சான்றோட அடியில ஒரு கையெழுத்து இருக்கும், அதை நம்பித்தான் உள்ள போறோம். உங்களுக்கு அது கையெழுத்து. எங்களுக்கு அது தலையெழுத்து."

மொக்ரானுக்கு மூன்று வருடச் சிறை. மற்ற இருவருக்கும் ஏழு. தண்டனையைக் கேட்டபோது அவருக்கு அதிர்ச்சி வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. மெஸியானின் ஒட்டிப்போன விரல்களை மூன்று வருடம் பிரித்துவிடுமா?

வர்தியா முதல் இரண்டு மாதம் சிறைப்பக்கம் வரவில்லை. தன்னை யாரும் ஹாஜியம்மா என்று கூப்பிடக் கூடாது என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள் என்று மட்டும் அவர் கேள்விப்பட்டார். மூன்றாம் மாதம் ரொட்டியும் அத்திப்பழமும் எடுத்துக்கொண்டு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"நேத்து விளையாட்டு மைதானத்துல புதுக் குழாய் எல்லாத்தையும் விரிச்சு ஜனங்க முன்னாடியே தண்ணி விட்டுப் பார்த்தாங்க," என்றாள். "அக்லிதான் பம்பை ஓட்டினாரு. ஏழு குழாய் வெடிச்சுது. அங்கயே திருப்பி லாரியில ஏத்திட்டாங்க."

"எல்லாத்தையும் பார்க்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"காலையில ஆரம்பிச்சாங்க. மதியம் லுஹர் பாங்கு சொல்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

மொக்ரான் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். "அரை நாள் வேலை வர்தியா. நான் செய்யாம விட்டது வெறும் அரை நாள் வேலை."

வர்தியா கம்பியின் இடைவெளி வழியே ரொட்டியை நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் தயவு காட்டவில்லை.

"கையில காசு வாங்கினாத்தான் லஞ்சம்னு இத்தனை நாள் நாம நினைச்சுட்டு இருந்தோம். செய்ய வேண்டிய வேலையைச் செய்யாம இருக்கறதுக்கு எதை வாங்கினாலும் அது லஞ்சம்தாங்க, அது சொர்க்கத்துக்குப் போற டிக்கெட்டா இருந்தாலும் சரி. அதுக்கு விலை கொடுக்கறது வாங்கினவன் இல்ல, அந்தக் கையெழுத்தை நம்பி நெருப்புக்குள்ள போறவன்."