டெல்சி திங்கட்கிழமை கொடுக்கப்போகும் கடிதம்

1.
இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. [பொய் என்பது கொஞ்சம் அதிகம், விளம்பரம் என்று வாசியுங்கள். வேண்டாம், பொய் என்றே இருக்கட்டும்.]

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் எங்கள் ஆட்களில் யார் இறந்தாலும் முப்பத்தோராம் நாள் நினைவுமலரை நான்தான் எழுதுவேன். ஒரு திகதி பிழைக்காது என்று எனக்குப் பெயர். அதனால்தான் நிலக்ஷனும் என்னிடம் வந்தான். அவன் ஒரு கணினி விளையாட்டுச் செய்கிறான். அதற்கு இணையத்தில் முன்பணம் திரட்ட, தமிழில் அறிமுகம் வேண்டுமாம். இரண்டு நிமிடக் காணொளி ஒன்றைக் காட்டினான். கடலோர மாளிகை, மழை, ஒரு பெண் கதவைத் திறக்கிறாள்.

"நாற்பது அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கதை" என்று எழுதிக் கொடுத்தேன்.

2.
முதல் தொடக்கம்: நிலக்ஷன் ஒரு மோசடிக்கா

[வெட்டிவிட்டேன். கிடங்கு வேலை முடிந்து வந்து உண்மையாகவே உழைக்கிறான். கள்ளனாக இருந்தால் இரண்டு பந்தியில் கதையை முடித்திருப்பேன்.]

இரண்டாவது: டெல்சி அவனைக் காதலித்தாள், ஆகவே

[இதுவும் இல்லை. அவள் நம்பியது அவனை அல்ல.]

3.
டெல்சி பல் வைத்தியரிடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறாள். இறுதிப் பரீட்சைக்கு நான்கு மாதம். நன்றாகப் படம் வரைவாள். பணம் சேர்ந்தால் வேலை தருவதாக நிலக்ஷன் சொல்லியிருக்கிறான். நேற்றுப் பின்னேரம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, திங்கட்கிழமை விலகல் கடிதம் குடுக்கப் போறன்."

"விசரே உனக்கு? சோதனையை முடிச்சிட்டுப் போவன்."

"அதுக்குள்ள வேற ஆரையும் எடுத்திடுவான்."

"விளையாடிப் பாத்தனியே?"

"இல்லை. ஆனா நாப்பது அறையெண்டு நீங்கள்தானே எழுதினியள்? அப்பாவின்ர மலரில ஒரு திகதி பிழைக்கேல்ல. பாக்காமல் எழுத மாட்டியள்தானே?"

"ஓம்" என்றேன். வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

4.
முடிவு அ: விளையாட்டு வெளிவருகிறது. டெல்சியின் பெயர் திரையில் ஓடுகிறது. நடக்கக்கூடியதுதான்.

முடிவு ஆ: "பிற்போடப்பட்டுள்ளது" என்று வருடத்துக்கொரு அறிவிப்பு வருகிறது. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

[குறிப்பு: ஆசைப்படாதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. காணொளி வேறு, விளையாட்டு வேறு. பத்து நிமிடம் விளையாடத் தரச் சொல்லிக் கேளுங்கள். தந்தால் மேற்கொண்டு பேசலாம்.]

முடிவு இ: எழுத்தாளர் உண்மையைச் சொல்

5.
இதுவரை "அவள்" என்று எழுதிவிட்டேன். இனி ஏலாது.

டெல்சி, இதை உனக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். அன்று நான் நிலக்ஷனிடம் எத்தனை அறை முடிந்தது என்று கேட்டேன். "ஒண்டுதான் அக்கா. அதுக்கும் உள்ளுக்கு இன்னும் நிலம் போடேல்ல" என்றான். அவன் மறைக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் நான் நாற்பது என்று எழுதினேன். வாசிக்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். இன்று காலை அந்த வரியை எடுக்கச் சொன்னேன். என்னோடு கோபித்துக்கொண்டு போயிருக்கிறான்.

இன்று சனிக்கிழமை. கடிதம் இன்னும் உன் பையில்தான் இருக்கும். முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீ நம்பிவிடுவாய்.