ரோஸுக்காக ஒரு வருஷம்

"என் ஜெபத்தோழி, கரமனை ரோஸ்" என்று தாசம்மாள் எழுந்து சொன்னாள். கையில் பரிசுப் பொட்டலம். வாயெல்லாம் சிரிப்பு.

ஒருத்தரும் எழுந்து வரவில்லை. கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த பெண்கூட நிறுத்திவிட்டாள்.

"எந்த ரோஸு, அக்கா?" என்றாள் பெண்கள் ஐக்கியச் செயலாளர் ஷீனா. "ரோஸம்மா போன வருஷம் கிறிஸ்மஸுக்கு முன்னாடியே மரிச்சாச்சே!"

அந்தச் சபையில் அப்படி ஒரு வழக்கம். புதுவருஷத்தில் டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு பெயரை எடுக்க வேண்டும். வருஷம் முழுக்க அவளுக்காக ஜெபிக்க வேண்டும். யாரிடமும் அவளைப் பற்றி விசாரிக்கக் கூடாது. கிறிஸ்மஸ் கூடுகையில்தான் பெயரைச் சொல்லிப் பரிசு கொடுப்பது. ஷீனா பழைய சீட்டுகளோடு புதியவர்கள் பெயரைச் சேர்த்துப் போட்டவள், செத்துப்போனவளின் சீட்டை எடுக்க மறந்துவிட்டாள். நாகர்கோவில் பக்கமிருந்து வந்து சபையில் புதிதாகச் சேர்ந்திருந்த தாசம்மாளுக்கு என்ன தெரியும், பாவம்?

"செத்தவங்களுக்கு ஜெபிக்கிறது நம்ம சபையில கிடையாதே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தாசம்மாள் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஆரியசாலையில் ஜவுளிக்கடை மாடியில் ஒற்றை அறை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் கனடாவில். கதவைச் சாத்தினால் சுவர்தான் துணை. அந்த அறையில் விடியுமுன் முழங்காலில் நின்று ரோஸின் பெயரைச் சொல்லத் தொடங்கியபிறகுதான், 'ஆண்டவர் என்னைத் தனியா வச்சது இதுக்குத்தான் போல' என்று அவளுக்கு மனசு ஆறியது. பார்த்தே இராத ரோஸுக்கு ஒரு வாழ்க்கையையே கட்டிக்கொடுத்திருந்தாள்: மூட்டுவலி, குடிகாரப் புருஷன், அந்தி சாய்ந்தால் பேச ஆளில்லாத வீடு.

அத்தனையும் வெறும் காற்றுக்கா? இல்லை, பாவமா?

போதகரிடம் கேட்டாள். "தெரியாமச் செஞ்சதுதானே, விடுங்கம்மா" என்றார். விட முடிந்தால் விட்டிருக்கமாட்டாளா?

அன்று மத்தியானமே, ஷீனா சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு பொட்டலத்தோடு கரமனைக்குப் போனாள். கதவைத் திறந்தவர் ரோஸின் புருஷன் தங்கப்பன். சட்டையில் பித்தான் மாறிக் கிடந்தது.

"அண்ணே, மன்னிக்கணும். ரோஸ் இல்லேன்னு தெரியாம வருஷம் முழுக்க அவளுக்காக ஜெபிச்சுட்டேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "செத்தவளுக்கா? என்னதாக்கும் ஜெபிச்சிய?"

"மூட்டுவலி போகணும்னு..."

"அவ கடைசிவரை ஓட்டமா ஓடுனவ. பெறவு?"

"புருஷன் குடிய விடணும்னு..."

"யாரு, நானா?" தங்கப்பன் வாசல்படியிலேயே குதித்துவிட்டார். "நான் சோடாகூடக் குடிக்காதவன்! எந்தப் பய சொன்னான்?"

"ஒருத்தரும் சொல்லல அண்ணே, நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்." அவளுக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. "சாயங்காலமானா அந்த வீட்டுல ஒத்தையில இருக்கிற ஜீவனை விட்டுராதேயும் ஆண்டவரேன்னும்... அதைத்தான் தெனமும் கேட்டேன்."

தங்கப்பன் வாசலில் கிடந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அடக்கத்துக்கு வந்த சபை பெறவு இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல" என்றார். "எனக்காக ஆண்டவர்கிட்ட ஒருத்தரும் கேக்கமாட்டாங்கன்னு நான் கோயிலுக்குப் போறதையே விட்டுட்டேன். ஒத்தையில இருந்த ஜீவன் நானாக்கும், தங்கச்சி."

யாருமில்லாத அறையிலிருந்து, முகம் தெரியாத ஒருத்தருக்கு, பெயர்கூடத் தப்பாகப் போன ஜெபம். அது சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது!

"இப்ப ஒருக்கா ஜெபிப்பியளா?" என்று கேட்டார் தங்கப்பன். "நான் காதாரக் கேக்க."

அவள் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். பழகிப்போன நாக்கு சொன்னபடி கேட்குமா?

"ஆண்டவரே, ரோஸை..."

திடுக்கிட்டு நிறுத்தினாள்.

தங்கப்பன் கண்ணைத் திறக்கவே இல்லை. "சொல்லும், சொல்லும்" என்றார். "அவ வீடுதானே இது."