நாற்பத்து மூன்று லிஃப்டும் ஓர் உம்மும்

லிஃப்ட் மெக்கானிக் வெர்ன் ஸ்டாட்லர் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். மினியாபொலிஸில் நாற்பத்து மூன்று பழைய லிஃப்டுகளின் கோணல் குணமெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆறு வருஷமாக அதையெல்லாம் போனிலிருந்த ஏஐ உதவியாளரிடம் சொல்லி வைத்திருந்தார். மாதக் கடைசியில் அந்த ஏஐயை நடத்தும் கம்பெனி கடையைக் கட்டுகிறது. வேறு கம்பெனி ஏஐக்கு அந்த நினைவு போகாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு.

ஒரு ஏஐயின் நினைவை இன்னொன்றுக்கு மாற்ற எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக ஒரே விதி கொண்டுவர எஞ்சினியர்கள் கூடுகிறார்கள், யாரும் வரலாம் என்று கேள்விப்பட்டு, கிரீஸ் சட்டையோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். நம்பி அல்ல, கண்ணால் பார்க்க.

மேசையில் இரண்டு போட்டிக் கம்பெனிகளின் கணினிகள். புரோகிராமர் டெஸ்மண்ட் ஏதோ மாதிரித் தகவலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பிக் காட்டினான். வெர்ன் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

“நீங்களே சமைச்சு நீங்களே ருசி பாத்தா எப்படிப்பா? என் சரக்கை அனுப்பு,” என்று தன் போனை நீட்டினார்.

அனுப்பினான். பழைய மாவு மில் லிஃப்டைப் பற்றி வெர்ன் கேட்டார். கடுங்குளிரில் கதவு இடது மூலையில் சிக்கும், பூட்ஸ் காலால் ஓர் உதை போதும் என்றது புதுக் கணினி. வெர்னுக்குப் புல்லரித்தது. ஆறு வருஷமும் உயிரோடு வந்து சேர்ந்துவிட்டதே! அது அதோடு நிற்கவில்லை. வெர்னுக்கு வலது முழங்கால் போய்விட்டது, முதலாளிக்குத் தெரியக்கூடாது என்றும் உரக்கச் சொன்னது. கூடம் சிரித்தது.

“கதவைப் பத்திக் கேட்டா என் காலை ஏன்டா ஊருக்குச் சொல்லுது?”

டெஸ்மண்டின் முகம் வெளுத்தது. “டெமோ சட்டுனு முடியட்டும்னு அனுமதி கேக்கறதை அணைச்சு வெச்சிருந்தேன் சார்.”

“நீ அணைச்சா நாளைக்கு எல்லாவனும் அணைப்பான். அணைக்கவே முடியாதுன்னு விதியில எழுது.”

கூட்டத் தலைவி சிக்னே அந்த வரியைச் சேர்த்துவிட்டு முடிவு கேட்டாள். இந்த எஞ்சினியர்கள் கை தூக்குவதில்லை, வாயை மூடியபடி ‘உம்ம்’ என்று உம் கொட்டுவார்கள். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் ஜெயம். வேண்டாம் என்றவர்களின் உம், ஆளில்லாத லிஃப்டு இறங்குவது போலிருந்தது. வேண்டும் என்றவர்களுடையதோ, முழுப் பாரத்தோடு மேலே கிளம்பும் மோட்டார். வெர்ன் கண்ணை மூடி அடிவயிற்றிலிருந்து சேர்ந்துகொண்டார்.

“போதும் வெர்ன், ஜன்னல் உடையப்போகுது,” என்றாள் சிக்னே.

டெஸ்மண்ட் புதுக் கணினியில் ஏறியிருந்ததை அழித்துவிட்டு, வெர்னின் போனிலிருந்து மறுபடி அனுப்பினான். இந்தத் தடவை திரை ஒவ்வொன்றாகக் கேட்டது. நாற்பத்து மூன்று லிஃப்டுக்கும் வெர்ன் சரி சொன்னார். முழங்கால் வந்ததும் கிரீஸ் விரலால் ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார், இரண்டு முறை.