மதரின் குரல்

அந்தக் கத்தோலிக்கப் பள்ளியில் பெற்றோருக்குச் செய்தி அனுப்புவது எழுத்தரம்மாவின் வேலை. தலைமையாசிரியையாக இருந்த மதர் தவக்காலத்தில் கண்ணை மூடிவிட்டார். ஆனாலும் மதர் எப்போதோ பேசி வைத்த பதிவுகளைத்தான் அவள் இன்னும் அனுப்பிக்கொண்டிருந்தாள். எழுத்தரம்மா சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? தலைப்பைப் பார்ப்பாள், போனில் தட்டி அனுப்பிவிடுவாள். போட்டுக் கேட்கிற பழக்கமே கிடையாது.

அன்று மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட வரவில்லை, ஆசிரியைகளையும் காணோம். எரிச்சலோடு ஒரு தாய்க்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, பிள்ளைய ஏன் அனுப்பல?"

"நேத்து நீங்கதானே மதர் பேசினத அனுப்பினீங்க? யாரும் வராதீங்க, கூரை தாங்காதுன்னு."

"நான் அனுப்பினது பூசைக்குச் சீக்கிரம் வரச் சொல்ற பதிவு."

"பூசையப் பத்திப் பேச்சே இல்லையே."

"வேற என்ன சொன்னாங்க?"

தாய் தயங்கினாள். "உங்களப் பத்தித்தான். 'என் குரல ஊருக்கெல்லாம் அனுப்புவா, அவ மட்டும் கேக்க மாட்டா'ன்னு சொல்லி அழுதாங்க."

எழுத்தரம்மாவின் தோளில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. அவள் மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.