கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கடல்

1

ஒரு கடலின் விலை நூற்றிருபது ரூபாய். கடல் ஓடும் அந்தப் படத்தை வாடகைக்கு எடுத்து நாற்பத்தெட்டு மணி நேரம் டிவியில் வைத்துப் பார்க்கலாம், பேரம் கிடையாது. சங்கரன்கோவில் சேலைக்கடை பவுல்பாண்டியன் பேரம் பேசாமல் ஒரு படத்துக்குக் காசு கொடுத்தார் என்று கேள்விப்பட்ட அன்றே இதை எழுத உட்கார்ந்தேன். (அதுவரை, கண்ணுக்கு அழகான பத்துப் படங்கள் என்று கட்டுரைதான் எழுதிக்கொண்டிருந்தேன். முதலாவது இந்தக் கடல் படம். அதோடு நின்றுபோயிற்று.)

2

இளவெயில் சன்னல் வழியே மெல்ல…

அந்த வரியை அடித்துவிட்டேன். பவுல்பாண்டியன் வீட்டு அறையில் வெயிலைப் பார்க்க ஆளில்லை. அவர் மனைவி எஸ்லின் குப்புறப் படுத்திருக்கிறாள். ஒரு கண் முன்பே போனது. மறு கண்ணில் விழித்திரை அறுவை. விழித்திரையைத் தாங்க உள்ளே வைத்த வாயுவுக்காகக் குப்புறவே கிடக்க வேண்டும்; அது கரைந்தால்தான் பார்வை திரும்புமா என்று தெரியும். கதை இல்லாவிட்டாலும் காட்சிக்காகவே படம் பார்க்கிறவள் அவள். இப்போது அவர் பார்த்துச் சொல்கிறார்.

3

"கடலு என்ன கலர்ல கெடக்கு?"

"கத்திரிப்பூ. கரையில மாம்பழ மஞ்ச. நடுவுல சரிகை."

"கடலுக்குச் சரிகையா?"

"ரெண்டு இழை ஓடுதுட்டி. நயம் சரக்கு."

"கடைக்கு வந்தவகிட்ட பேசுத மாதிரியே பேசுதிய. உள்ளதச் சொல்லுங்க."

உள்ளது இதுதான்: கடல் சாம்பல், வானம் சாம்பல், நடுவே ஒரு பெண் நடந்துகொண்டே இருக்கிறாள். சேலைக்கடைக்காரருக்குச் சாம்பல் என்றால் ஆடித் தள்ளுபடியிலும் போகாத சரக்கு. நோயாளியிடம் அதையா விரிப்பார்?

(இங்கே அவர்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இவருக்குக் கண் இருக்கிறதா?)

4

இருந்தது. எஸ்லின் அசந்து தூங்கியபோது தனியாக இன்னொரு முறை ஓட்டினார். புறாக்கழுத்துச் சாம்பல், மழைக்கு முந்திய சாம்பல், ஈயப் பாத்திரச் சாம்பல். ஒன்றைப்போல் ஒன்றில்லை. மூன்றையும் அவளுக்கென்று மனசுக்குள் மடித்து வைத்தார். நல்ல வாடிக்கைக்கென்று ஒரு சேலையை விரிக்காமல் உள்ளே எடுத்து வைப்பார்களே, அப்படி.

கெடு முடிந்தது. மறுபடி வாடகையா, மொத்தமாகவே வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டது திரை. நானூற்றுத் தொண்ணூறு கட்டினார்.

"அம்புட்டுக் காசா? நாந்தான் இன்னும் பாக்கவே இல்லியே!"

"நீ பாத்துட்டு எங்கூட சண்டை போடணும்லா."

தலையணைக்குள் அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது.

5

முடிவு ஒன்று: பார்வை வருகிறது. "எங்க ஒம்ம கத்திரிப்பூ?" என்று வீடே அதிர…

முடிவு இரண்டு: எழுத மாட்டேன். எழுதத்தான் வேண்டும் என்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என் பக்கத்துக் கணக்கை இத்தோடு முடிக்கிறேன்.

வாடகை நூற்றிருபது: கொடுத்தாயிற்று.
கிரயம் நானூற்றுத் தொண்ணூறு: கொடுத்தாயிற்று.
படம் முழுக்கச் சொன்ன நிறப் பொய் பதினொன்று: ஒப்புக்கொள்ளப்பட்டது.
விரிக்காமல் எடுத்து வைத்த சாம்பல் மூன்று: இருப்பு.
சண்டை ஒன்று: வரவேண்டிய பாக்கி.