ரெண்டு வருஷம் முந்திய தேதி

"அக்கா, கையெழுத்த மட்டும் போடுங்க. மிச்சத்த என் மிஷின் பாத்துக்கும்."

"இருப்பா. ஒரு பெட்டியாவது திறந்து பாக்காம நான் போட்டதில்ல."

"உங்களுக்குப் போயி தேதியம்மான்னு பேரு வெச்சாங்களே! சந்தேகத்தம்மான்னு வெச்சிருக்கணும்."

சிரித்துக்கொண்டே லாரிக்காரர் டீ குடிக்கப் போனார். காகிதம் அரைக்கும் இயந்திரம் பூட்டிய அவருடைய லாரி, ஆவணக் கிடங்கின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே நாற்பத்தோரு பெட்டிகள். ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட் வியாபாரம் மொத்தத்தையும் கைக்குள் போட்டுக்கொண்டு பேக்கரிக்காரர்களை ஆட்டிவைத்த ஒரு பெரிய கம்பெனிமீது நடந்த வழக்கின் காகிதங்கள். கம்பெனி தோற்றது; மேல்முறையீட்டிலும் தோற்றது. காகிதங்களுக்குச் சீல் வைத்த நீதிமன்றம், பத்து வருஷம் கழித்து அழித்துவிடலாம் என்றது. அந்தத் தேதியை ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியவள் தேதியம்மாதான், வேலைக்குச் சேர்ந்த புதிதில்.

பதினேழாம் பெட்டியைத் திறந்தாள். கம்பெனி ஆட்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதம் ஒன்று கையில் வந்தது. வேறு இடத்தில் ஈஸ்ட் வாங்கத் துணிந்த பேக்கரிகளின் பட்டியல். நான்காவது பெயரைப் பார்த்ததும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மாமனாரின் பேக்கரி! எதிரே ஒரு குறிப்பு: 'இவருக்குக் காலாவதியான சரக்கே போகட்டும். புது லேபிள் ஒட்டி.'

மாமனாரின் ரொட்டி திடீரென்று உப்பாமல் போனதும், மூன்றே மாதத்தில் வாடிக்கை கலைந்து கடை மூடியதும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. தன் கைதான் கெட்டுவிட்டது என்று நம்பிய மனுஷன், அப்புறம் மாவைத் தொடவே இல்லை. "அப்பா சுட்ட ரொட்டிய வெச்சு செவுரே கட்டலாம்" என்று கொழுந்தன் கிண்டலடிக்கும்போது அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவளால் பார்க்க முடியாது.

தாளை எடுத்துப்போனால் வேலை போகும், வழக்கும் வரும். வாயால் சொன்னால், "என்னைத் தேத்துறியாம்மா" என்பார். தாள் கிடங்கில் இருந்தால் போதும், அவரே நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பார்க்கலாம்.

லாரியைத் திருப்பி அனுப்ப ஏதாவது வழி இருக்கிறதா என்று வழக்குச் சுருக்கத்தைப் பரபரவென்று புரட்டினாள். இருந்தது. பத்து வருஷத்தை மேல்முறையீடு முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அவளோ முதல் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணியிருந்தாள். ரெண்டு வருஷம் முந்திவிட்டது. அந்த வருஷம் இதே கணக்கில் அவள் தேதி போட்ட பெட்டிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பாதிக்குமேல் ஏற்கெனவே தூளாகிவிட்டன.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்ன தேதியம்மா, லாரி இன்னும் நிக்குது?"

"தேதி தப்பு சார். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"நான்தான் சார்."

அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, இத வெளிய சொன்னா அரைச்சதையெல்லாம் கிளறுவாங்க. உங்க தலைதான் உருளும். கையெழுத்து போட்டா இதோட முடிஞ்சுது."

"முடிஞ்சுடும் சார். அதான் வேணாங்கறேன்."

லாரி காலியாகத் திரும்பியது. அன்று சாயங்காலமே மாமனார் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்தாள்.

"ஒரு மனு எழுதுங்க மாமா."

"எதுக்கும்மா?"

"உங்க பேக்கரி பத்தி அந்த வழக்குல என்ன இருக்குன்னு கேட்டு. இப்போதைக்கு என்னை வேற எதுவும் கேக்காதீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

விசாரணை வந்தது. தேதி எழுதும் மேஜையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். அது அவளுக்கு வலிக்கவில்லை. ஆனால், "அன்னிக்கு மட்டும் ஏன் தேதியச் சரிபாத்தீங்க?" என்று கேட்டபோது, "எப்பவும் பாக்குறதுதான்" என்று சொல்லிவிட்டாள். பொய். தான் எழுதிய தேதியை இந்த எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்த்ததில்லை. நான்காவது பெயர் வேறு யாருடையதாகவோ இருந்திருந்தால், மத்தியானத்துக்குள் எல்லாம் தூளாகியிருக்கும்.

அப்படியென்றால் அவள் தப்பை ஒப்புக்கொண்டது நேர்மையாலா, இல்லை சொந்தக்காரர் என்பதாலா? ரெண்டும் ஒன்றாக இருந்தால்தான் என்ன? நீங்கள் சொல்லுங்களேன், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?