முப்பத்திரண்டு எழுத்து

அந்த அறையில் இப்போது நான் ஒருத்திதான். மேசை மூன்று, நாற்காலி நான்கு, ஆள் ஒன்று. சலவைக்கூடங்களில் இருக்கும் பெரிய துவைக்கும் இயந்திரங்களை ஓட்டுகிற புரோகிராம் எங்களுடையது. பழக்கதோஷத்தில் எங்களுடையது என்கிறேன். மூன்று மாதமாக அது என் தலையில்தான்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு நான் வைத்த பெயர் வெண்கலக்கடை. அப்படிச் சிரிப்பாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நான் சிடுசிடுக்கிற நாள்களிலும் விடாமல் "அக்கா, சாப்பிட்டாச்சா?" என்பாள். அவள் போனபின் வீட்டிலும் தனி, இங்கும் தனி. நேற்று முழுக்க நான் வாய் திறந்தது லிஃப்டில் ஒருவரிடம் "மூணாவது மாடி" என்பதற்கு மட்டும்.

நடந்தது இதுதான். புதிதாக நிறுவிய ஓர் இயந்திரம் தண்ணீர் நிறைந்திருக்கும்போதே கதவைத் திறந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. கதவுப் பூட்டுக்கான பகுதியை எழுதியவள் வெண்கலக்கடை. மேலாளர் கூட்டம் போட்டார். "நான் எங்கயும் திறக்கச் சொல்லல சார்" என்று அவள் நாலு தடவை சொன்னாள். நான் பக்கத்தில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ராஜினாமா. என் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டாளே என்று எனக்குக் கோபம். பூட்டுப் பகுதியை வெளியிலிருந்து வாங்கி மாட்டினோம். கதவு அப்புறம் ஒழுங்காக இருந்தது. எல்லோருக்கும் அதுவே சாட்சியாகிவிட்டது.

எங்கள் புரோகிராமில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும், அதாவது 'எனக்கு இந்த வேலை தெரியும்' என்ற வாக்குறுதிக்கும், முப்பத்திரண்டு எழுத்தில் ஓர் அடையாள எண் உண்டு. ஓடும்போது அந்த எண்ணைச் சொல்லி ஒவ்வொரு பகுதியாகக் கேட்கும். 'என்னிடம் இருக்கிறது' என்று எது முதலில் சொல்கிறதோ, அதனிடம் வேலையைக் கொடுத்துவிடும். ஆளை விசாரிக்காது.

இன்று பகலில் அந்தப் புது இயந்திரத்தின் பழைய பதிவு ஒன்றைப் பார்க்க, அவளுடைய பூட்டுப் பகுதி இருந்த முந்தைய பதிப்பை எடுக்க வேண்டியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, பதில் சொல்கிற பகுதியின் உண்மையான வகைப்பெயரையும் திரையில் காட்டச் சொன்னேன். வடிகால் பம்பின் எண்ணைக் கேட்டேன். வந்த பெயர், கதவுப் பூட்டு.

பம்புக்கான பகுதி நான் எழுதியது. அவளுடைய பூட்டுக் கோப்பை நகலெடுத்து, பெயரை மாற்றி, உள்ளே இருந்ததையும் மாற்றினேன். எண்ணை மட்டும் மாற்றவில்லை. பழைய இயந்திரங்களில் கதவைக் கையால்தான் திறப்பார்கள்; அங்கே பட்டியலில் பம்பு முன்னால் இருந்ததால் தப்பித்தோம். புது இயந்திரத்தில் பூட்டு முன்னால் வந்துவிட்டது. தண்ணீரை வெளியேற்று என்று பம்புக்குப் போக வேண்டிய கட்டளை, பூட்டில் 'திற' என்று போய் விழுந்திருக்கிறது. வெளியிலிருந்து வாங்கிய பூட்டுக்கு வேறு எண், அதனால்தான் பிறகு தொல்லை இல்லை.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"அதான் சரியாயிடுச்சே. இப்ப எதுக்கும்மா கிளறிக்கிட்டு?" என்றார்.

"அந்தப் பொண்ணு பேரு கெட்டுக் கிடக்கு சார்."

"அவங்க போயாச்சு. நீங்க இருக்கீங்க. யோசிச்சுக்குங்க."

யோசிக்கவில்லை. தவறு என்னுடையது என்று எண்ணோடு, தேதியோடு எழுதி அலுவலகம் முழுக்க மின்னஞ்சல் அனுப்பினேன். அவளுக்கும் ஒரு பிரதி. பிறகு போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"இப்பத்தான் படிச்சேங்க்கா."

"என்னை மன்னிச்சிடும்மா. உன்னை அநியாயமா வெளிய அனுப்பிட்டேன். திரும்பக் கூப்பிடச் சொல்லி நானே சண்டை போடறேன்."

"வேண்டாங்க்கா. வேற வேலை கிடைச்சு ஒரு மாசமாச்சு. தப்பு யாருக்குத்தான் வராது. அதுக்கு எனக்குக் கோபமே இல்ல."

எனக்கு மூச்சு வந்தது. அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

"ஆனா தப்பு என்னுதுன்னு நீங்க நினைச்ச இந்த மூணு மாசமும் ஒரு போன் கூடப் பண்ணலையேக்கா" என்றாள்.